நாலு விரல் இடைவெளி: யாழ்ப்பாணத்தில் காரைத் தாழ்த்துவது பற்றி

மட்கார்ட்டுக்கும் ரயருக்கும் இடையில் கையைச் செருகி எத்தனை விரல் போகிறதென்று பார்ப்பதுதான் கார் மீது ஆசையுள்ள இளைஞர்களின் அளவுகோல். நாலு விரல் போனால் கார் ‘எழும்பி நிற்குது’ என்பார்கள். இரண்டு விரல் போனால் வடிவு. மிச்ச இரண்டு விரலைக் குறைக்கத் தாழ்த்தும் ஸ்பிரிங் ஒரு செட் வாங்கி வீட்டுப் போர்ட்டிக்கோவில் வைத்தே பூட்டிவிடலாமா என்று குடாநாட்டில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு விரல் என்பது ஏறத்தாழ 35 மில்லிமீற்றர். அந்த 35 மில்லிமீற்றருக்குள் வீதியின் அமைப்பு, ஸ்பிரிங்கின் பௌதிகம், சட்டம், கடற்காற்று, வீட்டில் எத்தனை பேர் காரில் ஏறுகிறார்கள் என்பது எல்லாமே வந்துவிடுகின்றன.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொந்தக் கையால் பூட்டலாம், அதில் தவறில்லை. ஆனால் எங்கள் வீதிகளுக்கு 25 மில்லிமீற்றருக்கு மேல் இறக்குவது கூடாது. அதுவும் அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பிரிங்காக இருக்க வேண்டும். இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டுவதையோ சுட்டு இறக்குவதையோ எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. அம்மா, அப்பா, பிள்ளைகள் என்று ஐந்து பேர் ஏறும் ஒரே வீட்டுக் கார் என்றால் தாழ்த்தவே வேண்டாம்.

காருக்குக் கீழே படுத்து வேலை செய்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவை பிரித்தானியாவில் உற்பத்தி நின்ற பிறகும் பல பத்தாண்டுகள் இங்கே ஹயர் கார்களாக ஓடின. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு எரிபொருளும் உதிரிப்பாகமும் வடக்கே வருவது தடைப்பட்டபோது, அழுத்த விகிதம் குறைந்த அந்தப் பழைய இயந்திரங்களே கைகொடுத்தன. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்தச் சனத்துக்குள் மண்ணெண்ணெய்ப் புகையோடு ஊர்ந்த கார்களும் இருந்தன. புதுச் சாமான் வராத இடத்தில் ஒரு பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட முடியாது. அது என்ன வேலை செய்கிறது என்று விளங்கிக்கொண்டு, அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை அங்கே பொருத்த வேண்டும். எங்கள் மெக்கானிக்மாரின் திறமை அந்தக் கட்டாயத்தில் வளர்ந்தது. அந்தத் திறமையை மதிப்பதால்தான் இன்றைய அவசர வேலைகளைக் கண்டு எனக்குக் கோபம் வருகிறது.

அந்தக் கார்களில் உயரத்தை மாற்றுவது ஓரளவு சுலபம். 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கே இல்லை, நீளமான முறுக்குத் தண்டு ஒன்றுதான் உண்டு. அதைப் பூட்டும் இடத்தில் கோணத்தைச் சற்று மாற்றினால் கார் ஏறும் அல்லது இறங்கும். பின்னாலிருந்த பட்டை ஸ்பிரிங்கை ஒவ்வொரு பட்டையாகக் கழற்றித் திரும்பவும் வளைத்துப் போடலாம். ரொயோட்டா அக்குவா, விற்ஸ், சுசுகி வகன்-ஆர் போன்ற இன்றைய கார்களில் அப்படி முடியாது. முன்பக்கம் சொக் அப்சோபரும் ஸ்பிரிங்கும் ஒன்றாய்ச் சேர்ந்த மக்பேர்சன் ஸ்ட்ரட். அக்குவாவிலும் விற்ஸிலும் பின்பக்கம் இரு சில்லுகளையும் இணைக்கும் முறுக்கு உத்திரம் இருக்கிறது, சொக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனியாக நிற்கின்றன. இந்த அமைப்பில் உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கின் நீளமும் விறைப்பும்தான்.

பௌதிகத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். காரின் பாரம் இறங்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ, அதைப் பொறுத்தே கார் ஆடும் வேகம் அமைகிறது. 25 சென்ரிமீற்றர் அமுங்கினால் கார் செக்கனுக்கு ஒரு தடவை ஆடும், அது சொகுசு. 11 சென்ரிமீற்றர் மட்டும் அமுங்கினால் செக்கனுக்கு ஒன்றரைத் தடவை ஆடும், அப்போது முதுகெலும்பு வீதியை வாசிக்கத் தொடங்கும். தாழ்த்தும் ஸ்பிரிங்கை ஏன் விறைப்பாகச் செய்கிறார்கள்? கார் இறங்கியதும் சில்லு மேலே போக மிஞ்சியிருக்கும் தூரம் குறைகிறது. 8 சென்ரிமீற்றர் இருந்த இடத்தில் 4 போய்விட்டால், அதே குழியின் அடியைப் பாதித் தூரத்துக்குள் தாங்க வேண்டும், சராசரி விசை இரண்டு மடங்காகும். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு விறைப்பாக்கினாலே அந்தக் காரில் யாரும் உட்கார முடியாது. ஆகவே உற்பத்தியாளர்கள் ஓரளவு விறைப்பைக் கூட்டி, மிச்சத்தை சொக்கின் தண்டில் கோத்திருக்கும் பம்ப் ஸ்ரொப் என்ற இறப்பர் கட்டையிடம் விட்டுவிடுகிறார்கள். தாழ்த்திய கார்கள் குழியில் ‘டொக்’ என்று இடிப்பது அந்த இறப்பரில்தான்.

கிடைக்கும் நன்மை எவ்வளவு? தரையிலிருந்து ஏறத்தாழ 55 சென்ரிமீற்றர் உயரத்திலுள்ள புவியீர்ப்பு மையம் 3 சென்ரிமீற்றர் இறங்கினால், திருப்பத்தில் ஒரு பக்கச் சில்லிலிருந்து மறுபக்கச் சில்லுக்குப் போகும் பாரம் நூற்றுக்கு ஐந்து அளவில்தான் குறையும். மக்பேர்சன் அமைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. கார் இறங்கும்போது அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி புவியீர்ப்பு மையத்தைவிட வேகமாக இறங்கிவிடும். அதனால் சாய்க்கும் நெம்பின் நீளம் கூடுகிறது. விறைப்பான ஸ்பிரிங் இல்லாமல் வெறுமனே இறக்கிய கார் முன்னையைவிட அதிகமாகச் சாயக்கூடும். ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர் என்று வேக எல்லை உள்ள நாட்டில் இந்த நூற்றுக்கு ஐந்தைத் தேடி யாரும் காரைத் தாழ்த்துவதில்லை. வடிவுக்காகத்தான் செய்கிறார்கள், வடிவு கேவலமான காரணமும் அல்ல. ஆனால் ‘றோட் கிறிப்’ கூடும் என்று சொல்லி விற்பவர்களை நம்பிவிடக் கூடாது.

அடுத்தது எங்கள் வீதி. போருக்குப் பின் பெருவீதிகள் காபெட் போடப்பட்டு மினுங்குகின்றன. ஏ-9 இல் மட்டும் ஓடும் கார் என்றால் பேச்சே இல்லை. ஆனால் காபெட் போடப் போட வீதி உயர்ந்தது, பக்கத்து ஒழுங்கைகள் பழைய மட்டத்திலேயே நிற்கின்றன. பெருவீதியிலிருந்து ஒழுங்கைக்கு இறங்கும் விளிம்பு ஒரு படிபோல இருக்கும். ஒழுங்கைக்குள் போனால் மதகு. வீட்டு வாசலில் வாய்க்காலுக்கு மேல் போட்ட கொங்கிறீற்றுத் தட்டு, அதைத் தாண்டிப் படலைக்குள் ஏறும் சரிவு. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்பி வந்த பிறகு ரயில் கடவைகளின் மேடுகளும் சேர்ந்துகொண்டன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்திய வீதிக் காங்கிரஸின் தரப்படி ஒரு வேகத்தடை 3.7 மீற்றர் அகலமும் 10 சென்ரிமீற்றர் உயரமும் உள்ளது. அதன் வளைவின் ஆரை 17 மீற்றர். அக்குவாவின் முன், பின் சில்லுகளுக்கு இடைத்தூரம் 2.55 மீற்றர். கார் அந்த மேட்டின் உச்சியில் நடுவாக நிற்கும்போது, சில்லுகள் நிற்கும் மட்டத்துக்கு மேல் மேடு 48 மில்லிமீற்றர் எழுந்து நிற்கும். கம்பனி விட்ட தரை இடைவெளி 140 மில்லிமீற்றர். ஆட்கள் நிறைந்து ஏறினால் காரின் நடுப்பகுதி ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் இறங்கும். அந்த இரண்டு விரலைத் தாழ்த்தியிருந்தால் இன்னும் 35 போகும். மிஞ்சுவது 27 மில்லிமீற்றர், அதுவும் கார் அசையாமல் நின்றால்தான். ஓடும்போது முன்பக்கம் ஒரு குத்துக் குத்தினால் அந்த 27 உம் இல்லை. தரத்துக்குக் கட்டிய மேட்டில் இந்த நிலை என்றால், ஊர்ச் சனம் சொந்தச் செலவில் சீமெந்தால் போட்ட கூர்மையான மேட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 25 மில்லிமீற்றர்தான் எல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

‘தம்பி, கேஸால சுட்டு இறக்கித் தாறன், அரை மணித்தியாலம்’ என்று சொல்லும் கராச்சுகளும் உண்டு. செலவு குறைவு என்பதால் பொடியளும் சம்மதிக்கிறார்கள். ஸ்பிரிங் கம்பிக்கு அதன் குணம் வருவது பதப்படுத்தலால், அதாவது சிவக்கச் சூடாக்கி, சட்டென்று ஆற்றி, பிறகு அளவான சூட்டில் வைத்து எடுப்பதால். கேஸ் தீ பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். இறங்கிய ஸ்பிரிங் அங்கேயே நிற்காமல் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும், இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு. ஒரு நாள் சூடுபட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் நடுவில் முறியும். கிறைண்டரால் ஒரு சுற்று வெட்டுவதில் சூடு குறைவு, ஆனால் வேறு கோளாறு உண்டு. வேலை செய்யும் சுற்று ஆறில் ஒன்றை வெட்டினால் விறைப்பு நூற்றுக்கு இருபது கூடும். அது போதாது, முன்னே சொன்ன பயணத் தூரக் கணக்கை அது ஈடுசெய்யாது. அதைவிட மோசமானது, வெட்டிய நுனி தட்டில் சரியாக இருக்காது. மதகு தாண்டும்போது சில்லு தொங்கினால் குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும், திரும்ப உட்காரும்போது எங்கே உட்காரும் என்று உறுதி இல்லை. இதைக் ‘கைவண்ணம்’ என்று சொல்வது, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறைக்குச் செய்யும் அவமரியாதை.

முறையான ஸ்பிரிங் என்றால் ஜேர்மனியின் ஐபாக், எச் அன்ட் ஆர், யப்பானின் ரெயின், ஆர்எஸ்-ஆர், ரனாபே போன்றவை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய செட் கிடைக்கலாம், வெளிநாட்டு அண்ணன்மார் பெட்டிக்குள் வைத்தும் கொண்டுவருவார்கள். எதுவானாலும் கம்பியில் அச்சிட்ட இலக்கம் அந்தக் காரின் மாதிரிக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். ஹைபிரிட் காரின் பாரம் வேறு, அதே உருவத்திலுள்ள சாதாரணக் காரின் பாரம் வேறு. தேய்ந்த சொக்கோடு புது ஸ்பிரிங் போடுவது வீண் வேலை. விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலைப் புதுச் சொக்கே கஷ்டப்பட்டுத்தான் அடக்கும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் நிலம். மணல் முற்றத்திலும் மழையில் இளகிய செம்மண்ணிலும் ஜக் புதையும், தடித்த பலகை போட்டாலும் சரியும். சீமெந்துத் தளமே வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று. கட்டட வேலைக்கு வாங்கி மிஞ்சிய சீமெந்துக் கல்லை அடுக்கிக் காரை அதன்மேல் இருத்துவார்கள். அந்தக் கல் சுவரில் பரவலான பாரத்தைத் தாங்கும், ஒரு முனையில் குவியும் பாரத்தைத் தாங்காது. முன்னறிவிப்பு எதுவும் தராமல் நொருங்கிவிடும். பனங்குத்தி அதைவிட எவ்வளவோ மேல். இரும்பு ஸ்ராண்ட் இரண்டு வாங்கினால் யோசிக்கவே வேண்டாம். ஜக்கின்மேல் மட்டும் நிற்கும் காருக்குக் கீழே யாரும் தலை வைக்கக் கூடாது, சொந்தத் தம்பியைக் கூட விடக் கூடாது.

தீவுப்பகுதிக் கார் என்றால் முதல் எதிரி துரு. பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தினமும் போய்வரும் காரின் அடியில் உப்புப் படிந்திருக்கும். ஸ்ட்ரட்டை அச்சோடு பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகளும் ஸ்டெபிலைசர் லிங்கின் நட்டும் இறுகிப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டு வைத்தால் மறுநாள் சண்டை குறையும். கழற்ற முன் போல்ட் இருந்த நிலையைப் பெயின்ற்றால் கோடிட்டு வைக்க வேண்டும். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் தாங்கியிலிருந்து விடுவிக்க வேண்டும், அச்சு தொங்கினால் அவை இழுபடும்.

உயிருக்கு ஆபத்தான கட்டம் அடுத்தது. கழற்றிய ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் அமுங்கியபடியே இருக்கிறது. மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஒரு ஸ்பிரிங்கை 15 சென்ரிமீற்றர் அமுக்கி வைத்தால் அதில் ஏறத்தாழ 280 யூல் சக்தி அடைபட்டிருக்கும். பத்துக் கிலோப் பாரம் கிட்டத்தட்ட மூன்று மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது தரும் சக்தி அது. மேல் நட்டை அப்படியே கழற்றினால் அந்தச் சக்தி முகத்துக்கு நேரே வரும். அமுக்கிக் கருவி இரண்டையும் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொளுவி, ஒன்றுக்குச் சில சுற்று, மற்றதுக்குச் சில சுற்று என்று மாறி மாறிக் கையால் இறுக்க வேண்டும். காற்று கன்னைக் கொண்டு முறுக்கினால் மலிவான கருவியின் புரி உரிந்துவிடும். ஸ்பிரிங் தட்டில் தளர்ந்து சுழல்வதைக் கண்ணால் பார்த்த பிறகே நடு நட்டில் கை வைக்கலாம். நல்ல அமுக்கிக் கருவி கையில் இல்லையென்றால் ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி அது உள்ள கராச்சுக்குக் கொண்டுபோங்கள், மிச்ச வேலையை வீட்டில் செய்யலாம். முறுக்கு உத்திரமுள்ள காரின் பின்பக்கம் இவ்வளவு பயமில்லை. சொக்கின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி உத்திரத்தை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும்.

பூட்டும்போது அதிகம் பேர் தவறவிடுவது ஒன்று உண்டு. லோவர் ஆமின் இறப்பர் புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டைச் சில்லு தொங்கும் நிலையில் முழுதாக இறுக்கிவிடுவார்கள். கார் தரைக்கு வந்ததும் அந்த இறப்பர் முறுகியபடியே கிடக்கும். சில மாதத்தில் கிழியும், அதுவரை காரும் கொஞ்சம் எழும்பி நிற்கும். இப்படிப்பட்ட போல்ட்டுகளைக் காரின் பாரம் சில்லில் இறங்கிய பிறகுதான் ரோர்க் ரென்ச்சால் முடிக்க வேண்டும். ஒருதடவை கழற்றிய சுயபூட்டு நட்டைத் திரும்பப் போடாமல் புதிது போடுவது நல்லது.

பிறகு நேராக வீல் எலைன்மென்ற். மக்பேர்சன் கார் இறங்கினால் சில்லின் தலை உள்ளே சாயும், அதோடு சில்லுகளின் முன்நோக்கும் மாறும். ரயரின் உள்விளிம்பை ஓசையில்லாமல் தின்பது இந்த இரண்டாவது மாற்றம்தான். ஹெட்லைற்றின் மட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு இறங்குவதில்லை. இரவில் எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணில் வெளிச்சம் அடிக்கக் கூடாது.

ஹயஸ் வானைத் தாழ்த்த நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த வான்களின் முன்பக்கம் முறுக்குத் தண்டு, பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். இறக்குவது வேலை என்ற அளவில் சுலபம். ஆனால் பின் அச்சுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று அங்கே உண்டு. உடலைத் தாழ்த்தினால் வான் நிறையப் பாரம் ஏறியிருக்கிறதென்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும், பின்சில்லுக்கு அதிக அழுத்தம் அனுப்பும். மழையில் வெறும் வானை அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்சில்லு பூட்டி, வான் குறுக்கே சுழலும். ஆட்களை ஏற்றிக் கொழும்புக்கு இரவோட்டம் போகும் வாகனத்தில் இந்த விளையாட்டே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் அடிப்படை 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். நடைமுறையில் ஒரு தனியார் கார் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் போதும். புகையைத்தான் பார்க்கிறார்கள், ஸ்பிரிங்கை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. 2025 தொடக்கத்தில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் கீழ்ப் பொலிசார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பொருத்திய மேலதிகச் சாமான்களைக் கழற்ற வைத்தபோது எழுந்த சர்ச்சையும் கண்ணுக்குத் தெரிந்த அலங்காரங்களைப் பற்றியதாகவே இருந்தது. இந்தியாவில் நிலை கடுமை. உற்பத்தியாளர் தந்த அமைப்பை மாற்றக் கூடாதென்று, கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜேர்மனி இன்னொரு வழியில் போகிறது. அங்கே தாழ்த்தலாம், ஆனால் ஸ்பிரிங்கோடு எந்தக் காருக்கு, எவ்வளவு அச்சுப்பாரத்துக்கு என்ற அத்தாட்சிப் பத்திரம் வர வேண்டும், பூட்டிய பிறகு பரிசோதகர் பார்த்து ஒப்பமிட வேண்டும். பிரித்தானியாவில் ஸ்பிரிங் முறிந்திருந்தால் வருடாந்தப் பரிசோதனையில் கார் தேறாது. மூன்றிலும் எனக்கு ஜேர்மன் வழிதான் நியாயமாகப் படுகிறது. ஆசையையும் தடுக்கவில்லை, எதிரே வருபவரின் உயிரையும் மறக்கவில்லை. இங்கே அப்படி ஒரு கண் இல்லாதபடியால் பொறுப்பு பூட்டுகிறவர் தலையில் விழுகிறது. காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிடுவது நல்லது. விபத்துக்குப் பின் மதிப்பீட்டாளர் வந்து கண்டுபிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மாரியும் இருக்கிறது. 2020 டிசம்பரில் புரவி, 2024 நவம்பரில் பெங்கல் என்று புயல் மழை வந்த நாட்களில் குடாநாட்டின் தாழ்நிலங்கள் குளமாயின. வெள்ளத்தில் காற்றை இழுக்கும் குழாய்க்கும் நீர்மட்டத்துக்கும் நடுவிலுள்ள தூரம் சென்ரிமீற்றர் கணக்கில்தான், தாழ்த்தினால் அதுவும் குறையும். இயந்திரத்துக்குள் தண்ணீர் புகுந்தால் கொனெக்ரிங் றொட் வளையும், அந்தச் செலவில் பல செட் ஸ்பிரிங் வாங்கலாம்.

கடைசியாக, பலர் பார்க்காத ஒரு வழி. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அதனால் எங்கள் கார்களில் பெரும்பாலானவை வயதானவை, ஸ்பிரிங்குகள் ஏற்கனவே தளர்ந்தவை. கார் வடிவில்லாமல் நிற்பதற்குக் காரணம் உயரம் அல்ல, சரிவு. தாழ்த்த முன் காரை வெறுமையாக மட்டமான தளத்தில் விட்டு, நாலு சில்லின் நடுவிலிருந்தும் மட்கார்ட் விளிம்பு வரை நாடாவால் அளந்து எழுதுங்கள். இடதுக்கும் வலதுக்கும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, பின்பக்கம் குந்தியிருந்தாலோ, கீழ்ச் சுற்றைப் பாருங்கள். ஸ்பிரிங் தட்டில் உட்காரும் இடத்தில் மணலும் உப்பும் சேர்ந்து பெயின்ற் உரிந்து, கம்பியில் சிறு சிறு பள்ளங்கள் விழுந்திருக்கும். முறிவு அங்கேதான் தொடங்கும். அப்படிப்பட்ட காருக்குக் கம்பனி அளவிலேயே புது ஸ்பிரிங்கும் சொக்கும் போட்டால் கார் நிமிர்ந்து நேராக நிற்கும். அதற்குப் பிறகும் தாழ்த்தியே ஆக வேண்டும் என்றால், கழற்றிய புதுச் செட்டைத் துடைத்து, எண்ணெய் பூசி, இடது வலது என்று எழுதிக் கட்டிச் சாக்கில் போட்டு வைத்திருங்கள். காரை விற்கும் நாளில் அது தேவைப்படும்.